வலது தொடையில் இல்லாத வலி

மே 6, செவ்வாய்

இன்று சாரிடம் பொய் சொன்னேன்.

காலை ஐந்தரைக்கு எப்போதும்போல ஸ்டேடியம் போனேன். வார்ம்-அப் நன்றாகவே போனது. ஆறு மணிக்குப் பிரவின்குமார் சார் கட்டையை எடுத்தார். இரண்டு பலகையைக் கீல் வைத்துச் சேர்த்தது. ஓங்கி அடித்தால் துப்பாக்கி மாதிரியே சத்தம் வரும். "இன்னைக்கு ஆறு ஸ்டார்ட்ஸ். அன்பு, நீ மூணாவது லேன்" என்றார். மாநிலப் போட்டிக்குப் பிறகு ஸ்டார்ட் ப்ராக்டிஸ் இன்றுதான். இத்தனை வாரமாக அவரும் ஏதோ சொல்லித் தள்ளிப்போட்டார், நானும் கேட்கவில்லை.

முதல் மூன்று எப்படியோ போயிற்று. நாலாவதில் 'செட்' என்றதும் இடுப்பைத் தூக்கினேன். கட்டை அடிக்கவில்லை. அடிக்கவில்லை. இன்னும் அடிக்கவில்லை. என் இடது கட்டைவிரல் நடுங்குவதைப் பார்த்தேன். பக்கத்து லேனில் சரிதாவின் மூச்சு கேட்டது. வெளியே ரோட்டில் ஒரு பஸ் கியர் மாற்றியது கேட்டது. எல்லாம் கேட்டது. கட்டைச் சத்தம் எப்போது வந்தது என்று மட்டும் தெரியவில்லை. சரிதா பத்து மீட்டர் போய்விட்டாள். நான் இன்னும் குனிந்த மேனிக்கு இருக்கிறேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சாரும் பார்த்தார். என் கை தானாக வலது தொடையின் பின்பக்கம் போயிற்று. "சார், இழுத்துக்கிச்சு."

சார் முகம் வெளுத்துவிட்டது. சரிதா ஓடி வந்து என்னைத் தோளில் தாங்கினாள். எட்டாம் வகுப்பிலிருந்து கூட ஓடுகிறவள். பெஞ்ச் வரை என்னைத் தூக்கிக்கொண்டே போகிற மாதிரிதான் போனாள்.

ஒன்றும் இழுக்கவில்லை. கால் கல்லு மாதிரி இருக்கிறது.

மே 7, புதன்

அம்மா வேலை முடிந்து வந்ததும் நல்லெண்ணெயைச் சூடு பண்ணினாள். டவுன்ஷிப்பில் ரோடு பெருக்கும் காண்ட்ராக்ட் வேலை அவளுக்கு. விடிந்ததிலிருந்து குனிந்தே நிற்கிற இடுப்பு. அதை மடக்கித் தரையில் உட்கார்ந்து என் தொடையை உருவிவிட்டாள்.

"இங்கயா பாப்பா? இங்கயா?"

ஒவ்வோர் இடத்துக்கும் யோசித்து யோசித்து ஆமாம், இல்லை சொன்னேன். நாளைக்கும் அதே இடத்தைச் சொல்ல வேண்டுமே, ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

மே 9, வெள்ளி

மார்ச்சில் நடந்ததை இந்த நோட்டில் எழுதவே இல்லை. அந்தப் பக்கங்கள் காலி. எழுதினால் மறுபடி நடக்கும் என்று ஒரு பயம். எழுதாமலே நடக்கிறதே — எழுதிவிடுகிறேன்.

மாநிலப் போட்டி, நூறு மீட்டர். முதல் சுற்று ஹீட்ஸில் எனக்கு 12.14. என் வாழ்க்கையிலேயே வேகமான ஓட்டம். அதுவரைக்கும் வடக்குத்து கிராமத்து அன்புக்கரசியை யாருக்கும் தெரியாது. ஃபைனலுக்கு முன்னால் சார் யார் யாருக்கோ போன் பண்ணினார். அப்பாவோடு நிலக்கரி மைன்ஸில் வேலை பார்க்கிறவர்களெல்லாம் வாழ்த்து அனுப்பினார்கள். ஃபைனலில் குனிந்தபோது மெடலை நினைக்கவில்லை. 'அசையக் கூடாது' என்று மட்டும் நினைத்தேன். ஒரு தடவை முந்தினால் வெளியே. இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அசையக் கூடாது, அசையக் கூடாது. பக்கத்து லேன் பெண்ணின் தோள் லேசாக ஏறியது கடைக்கண்ணில் பட்டது. நான் கிளம்பிவிட்டேன்.

துப்பாக்கி சுடவே இல்லை.

நாலு எட்டு தனியாக ஓடி நின்றேன். ஒரு ஆள் வந்து பாதி சிவப்பு பாதி கறுப்பு அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். நான் இல்லாமல் ரேஸ் நடந்தது. கைதட்டலைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

அன்றிலிருந்து எந்தச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடுகிறது. குக்கர் விசில். ஷிப்ட் சங்கு. யாராவது கதவை அடைத்தால்கூட.

மே 13, செவ்வாய்

சார் கடலூருக்குக் கூட்டிப்போனார். பிசியோ பெயர் சுபாஷ். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். சாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் குப்புறப் படுக்க வைத்தார். மடக்கினார், நீட்டினார், அழுத்தினார். வலிக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் ஏதேதோ பேசிவிட்டு அதே இடத்தை இன்னும் அழுத்தமாக அழுத்தினார். வலிக்கிறது என்று சொல்ல மறந்துவிட்டேன்.

"கால்ல ஒண்ணும் இல்லைங்க."

நான் தலையணையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"சார்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"இன்னும் வலிக்குதுன்னு சொல்லுங்க."

"பொய் எழுத மாட்டேன். ரெண்டு வாரம் ரெஸ்ட்னு மட்டும் எழுதறேன். அது உங்களுக்கு வேணும்தான்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது ஒருவருக்குத் தெரியும். பஸ்ஸில் வடலூர் வரும்வரை சாரின் போன் அடிக்கும்போதெல்லாம் சுபாஷாக இருக்குமோ என்று பார்த்தேன்.

மே 22, வியாழன்

கேலரியில் உட்கார்ந்து சரிதாவுக்கு நேரம் குறித்தேன். யாரும் என்னைக் குனியச் சொல்லவில்லை. மனசு எவ்வளவு லேசாக இருக்கிறது!

அந்த லேசுதான் பயமாக இருக்கிறது. ஆகஸ்டில் மாநில ஓபன் மீட். அதில் முதல் மூன்றுக்குள் வந்தால் தென் மண்டலப் போட்டி. வேலைக்கு ஆள் எடுக்கிற டீம்காரர்கள் அங்கேதான் வருவார்கள். எனக்கு இருபத்திரண்டு முடிந்துவிட்டது. இப்படியே கேலரியில் உட்கார்ந்துவிடுவேனா?

மே 30, வெள்ளி

மத்தியானம் இரண்டரை மணிக்குத் தனியாக ஸ்டேடியம் போனேன். அந்த வெயிலுக்கு ஒரு நாய்கூட இல்லை. கால் ஊன்றி உதைக்கிற பிளாக்கைப் பொருத்தினேன். போனில் ஒரு ஆப் இருக்கிறது, 'செட்' சொல்லி, அது இஷ்டத்துக்கு நேரம் விட்டுத் துப்பாக்கிச் சத்தம் போடும்.

பத்து தடவை. ஆறு தடவை சத்தத்துக்கு முன்பே கிளம்பிவிட்டேன். மூன்று தடவை சத்தம் வந்தும் கால் வரவில்லை. 'செட்'டில் நிற்கும்போது நான் முழுக்கக் காதாக ஆகிவிடுகிறேன். கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகிறது. காலை நினைத்தால் காது போய்விடுகிறது. முந்திவிடுவேனோ என்று பிடித்துக்கொண்டால் பிந்துகிறேன். பிந்திவிடுவேனோ என்று நினைத்தால் முந்துகிறேன். ஆளே இல்லாத மைதானத்தில், போனுக்கு முன்னால்!

பத்தாவது? எழுந்து நின்று அழுதேன். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சாயங்காலம் அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "கால் எப்டிகீது?"

"பரவால்லப்பா. இன்னும் கொஞ்சம் வலி இருக்குது."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஷிப்ட் முடிஞ்சி வரசொல்ல ஸ்டேடியம் பக்கமா வந்தேன். வண்டிய நிறுத்திட்டு கொஞ்ச நேரம் பாத்துகினு இருந்தேன்" என்றார். அம்மா அடுப்படியில் இருந்தாள். அப்பா கை கழுவ எழுந்து போனார்.

ஜூன் 9, திங்கள்

எப்படி எழுதுவது.

ப்ராக்டிஸ் முடிந்ததும் சரிதா என்னைத் தண்ணீர் குழாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். "சார்கிட்ட சொல்லாத. மூணு நாளா எனக்கும் பின்னாடி தொடையில ஒரு மாதிரி இருக்கு. நடக்கும்போது இல்ல. வேகம் எடுத்தா ஒரு கயிறு மாதிரி இழுக்குது." சனிக்கிழமை விழுப்புரத்தில் ஓபன் மீட். ஆகஸ்டுக்குப் போக அவளுக்கு அங்கே ஒரு நல்ல நேரம் வேண்டும். எனக்கு மார்ச் ஹீட்ஸ் நேரம் இருக்கிறது, அவளுக்கு இல்லை.

"உனக்குத்தான் தெரியும்ல அன்பு. உனக்கு எப்படி ஆரம்பிச்சுது? இப்படித்தானா? இல்ல திடீர்னு பிடிச்சுதா?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். 'எனக்குத் தெரியாதுடி, எனக்கு வலியே இல்ல' — ஒரு வரி.

"எனக்குத் திடீர்னு வந்துச்சு. இது வேற மாதிரி தெரியுது. வெறும் இறுக்கமாத்தான் இருக்கும். ரெண்டு நாள் ஐஸ் வெச்சா போயிடும்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "அப்பாடா" என்றாள்.

ஜூன் 14, சனி

விழுப்புரம். நூறு மீட்டர், இரண்டாவது ஹீட்ஸ். அறுபது மீட்டர் வரை சரிதா முன்னால். அப்புறம் யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்த மாதிரி ஒரு துள்ளல். ஒற்றைக் காலில் இரண்டு தத்து. விழுந்துவிட்டாள்.

நான் கேலரியிலிருந்து ஓடினேன். கம்பித் தடுப்பைத் தாண்டிக் குதித்து ஓடினேன். சார் என்னைப் பார்த்தார். சரிதாவும், அவ்வளவு வலியிலும், பார்த்தாள். நொண்டாமல் ஓடி வருகிற என் காலை.

ஜூன் 15, ஞாயிறு

தசை கிழிந்திருக்கிறதாம். பத்து வாரம் ஆகுமாம்.

ஜூன் 16, திங்கள்

சாப்பிடவில்லை. அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். வேண்டாம் என்று கத்திவிட்டேன்.

நான் தெரிந்துதானே சொன்னேன்? இல்லை, தெரியாமல்தான் சொன்னேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன். அவள் ஓடாமல் போனால் நல்லது என்று எங்கேயாவது ஒரு ஓரத்தில்? — இல்லை. சத்தியமாக இல்லை. இல்லைதானே?

ஜூன் 18, புதன்

சரிதாவின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவள் அம்மா வாசலில், "வாம்மா, உனக்குக் கால் தேவலையா?" என்று கேட்டார். நேராக உள்ளே போனேன். கட்டிலில் தலையணை மேல் காலை வைத்துப் படுத்திருந்தாள். தொடை முழுக்கக் கருநீலம்.

நின்றபடியே சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்றும் இழுக்கவில்லை. பிளாக்கில் குனிய பயம். ஆறு வாரமாக நடித்தேன். நீ கேட்ட அன்றைக்கும் எனக்குத் தெரியாமல்தான் சொன்னேன்.

அவள் ஃபேனைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் உன்ன பெஞ்ச் வரைக்கும் தூக்கிட்டுப் போனேன்ல?"

"ஆமா."

"அப்ப சிரிப்பு வந்துச்சா உனக்கு?"

"இல்லடி. பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான் எல்லா ரேஸுக்கும் பயமா இருக்கும். வாந்தி எடுத்துட்டுத்தான் வருவேன். நீ பாத்திருக்கியே. ஏன் என்கிட்ட சொல்லல?"

பார்த்திருக்கிறேன். எட்டொன்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன். அது அவளுக்கு வயிறு சரியில்லை என்றே நினைத்திருந்தேன்.

"போயிடு அன்பு. இப்ப போயிடு" என்றாள். அவள் அம்மா டீ டம்ளரோடு நின்றிருந்தார். வாங்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

சாரிடமும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தினார். "பயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…" என்று ஆரம்பித்தார்.

"சொல்லியிருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?"

கட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக, "தெரியலம்மா. மார்ச்சுக்கு அப்புறம் உன்ன பிளாக்ல நிக்க வைக்க எனக்கே கை வரல. அதான் தள்ளிப் போட்டுட்டே இருந்தேன்" என்றார்.

வீட்டில் அம்மாவிடம். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். "அப்ப அவ்ளோ நாளும் நல்ல காலையா தேச்சிகினு இருந்தேன்?" அழப்போகிறாள் என்று நினைத்தேன். "அதான் இப்டி மினுமினுங்குது" என்றாள். சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் தாளைப் புரட்டவும் இல்லை.

ஜூலை 3, வியாழன்

ஸ்டார்ட் ஆறு. முந்தியது மூன்று. கால் வராதது இரண்டு. ஒன்று மட்டும் சுமார்.

ஜூலை 10, வியாழன்

ஆறும் மோசம். வார்ம்-அப்பிலேயே கை சில்லிட்டுப் போகிறது. வெயிலில் நிற்கிறேன், சில்லிடுகிறது. என்ன உடம்பு இது?

ஜூலை 21, திங்கள்

சரிதா வந்தாள். ஊன்றுகோலோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். என்னிடம் பேசவில்லை. ட்ராக் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் ஸ்டார்ட் எடுப்பதையெல்லாம் போனில் பிடித்தாள். பிறகு அதை மெதுவாக ஓடவிட்டுச் சாரிடம் காட்டினாள். என்னிடம் அல்ல. நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

"இங்க பாருங்க சார். கட்டை அடிக்கறதுக்கு முன்னாடி நீங்க மூச்ச இழுத்துப் பிடிக்கறீங்க. உங்க தோள் ஏறுது. இவ அதுக்குத்தான் கிளம்பறா. சத்தத்துக்குக் கிளம்பவே இல்ல."

சாருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எனக்கே தெரியாதும்மா" என்றார்.

சரிதா கட்டையை வாங்கி என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியை நகர்த்தச் சொன்னாள். எனக்கு அவள் தெரியாதபடி. முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினாள். "உன்ன மன்னிச்சிட்டேன்னு நினைக்காத. வூட்ல படுத்தே கிடந்தா பைத்தியம் பிடிக்குது, அதான் வந்தேன்." டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் என்னை மாதிரியே 'வூடு' என்பாள்.

குனிந்தேன். எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்று தெரியாமல் இடது பாதத்தை மட்டும் பிளாக்கில் அழுத்தினேன். இதை உதைக்க வேண்டும். அவ்வளவுதான். எப்போது என்பது என் வேலை இல்லை.

எட்டில் மூன்று சரியாக வந்தது. மற்ற ஐந்தும் பழைய கதைதான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எட்டில் ஐந்து. சந்தோஷப்பட்ட உடனே அடுத்த பயம். இங்கே சரிதா அடிக்கிறாள், அங்கே யாரோ ஒருவர் சுடுவார். மீண்டும் அந்த அட்டை வந்தால்? இந்த முறை எந்தக் காலைப் பிடித்துக்கொள்வேன்?

ஆகஸ்ட் 16, சனி

மாநில ஓபன் மீட். சரிதா வரவில்லை, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார அவளால் இன்னும் முடியாது.

காலை ஹீட்ஸ். கிளம்புவதற்கு முன் கழிவறைக்கு மூன்று முறை போனேன். 'ஆன் யுவர் மார்க்ஸ்' என்றதும் கையைக் கோட்டுக்குப் பின்னால் வைத்தேன். விரல்கள் நடுங்கின. எல்லாம் கேட்டது. கேலரியில் குழந்தை அழுவது, ஸ்டார்ட்டரின் ஷூ மண்ணில் அரைபடுவது, பக்கத்தில் ஒரு பெண் சாமி பேரை முணுமுணுப்பது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று இடது பாதத்துக்குப் போனேன். மறுபடி காதுக்கு ஓடிற்று. மறுபடி பாதத்துக்குக் கொண்டுவந்தேன். சுட்டார்கள்.

எட்டுப் பேரில் கடைசியாகக் கிளம்பினது நான்தான். சத்தம் கேட்டது தெரிந்தே கிளம்பினேன். மூன்றாவதாக வந்து ஃபைனலுக்குப் போனேன்.

சாயங்காலம் ஃபைனல். அதே பயம், குறையவே இல்லை. 'செட்'டில் ஒரு கணம் — 'அசையக் கூடாது' என்று மனசு ஆரம்பித்தது. அது பேசி முடிப்பதற்குள் சத்தம் வந்துவிட்டது. ஐந்தாவது. 12.31. தென் மண்டலம் இல்லை. வேலையும், இந்த வருடம், இல்லை.

முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். மார்ச்சுக்குப் பிறகு இன்றைக்குத்தான் ஒரு ஃபைனலின் இந்த முனை வரைக்கும் வந்திருக்கிறேன். சார் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

சரிதாவுக்கு நேரத்தை மட்டும் அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

சரிதா இன்று முதல் முறையாக ஓடினாள். ஓட்டம் என்று சொல்ல முடியாது, நடையைவிடக் கொஞ்சம் வேகம். தனியாக ஓடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. "நீயும் வா" என்று மட்டும் சொன்னாள். பக்கத்து லேனில் ஓடினேன். அவள் ஒவ்வோர் எட்டுக்கும் காலையே பார்த்துக்கொண்டு ஓடினாள்.

இரண்டாவது ரவுண்டில் வளைவு திரும்பும்போது நின்றுவிட்டாள். கை தொடைக்குப் போயிற்று.

"இழுக்கற மாதிரி இருக்கு அன்பு. நிஜமாவே இழுக்குதா, இழுத்துடுமோன்னு பயத்துல அப்படித் தோணுதா, ஒண்ணும் புரியல." வேர்த்துக்கொட்டியது அவளுக்கு. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "உனக்கு என்னா தோணுது?"

என்னிடமா கேட்கிறாள்?

ஒன்றுமில்லை, வெறும் பயம்தான், ஓடு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவளுக்கும் அதைக் கேட்கத்தான் ஆசை, முகத்தில் தெரிந்தது.

"எனக்குத் தெரியாது சரிதா."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "சரி. அப்ப நாளைக்குக் கடலூர் போய் அந்த பிசியோ சுபாஷ்கிட்ட காட்டிடலாம். நீயும் வர்ற."

மீதி ரவுண்டை நடந்தே முடித்தோம்.